எட்டாங்கட்டை விளக்கில் பழுது இல்லை

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. பழைய கம்பெனியில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். "ராஜு அண்ணே, ஒங்க சர்வீஸ் அனுபவத்த எழுதிக் குடுங்க. படிக்கிறவங்களுக்கு ஒரு உற்சாகம் வரணும் லா" என்று போனில் கேட்டார் சுரேன். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். உற்சாகத்துக்கு நான் எங்கே போவேன்? முப்பத்தொரு வருஷம் போக்குவரத்து விளக்கு பழுது பார்த்தவன் நான். விளக்கு ஒழுங்காக எரியும் நாளில் என்னை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எரியாத நாளில் ஊரே என் பிறப்பைப் பற்றி விசாரிக்கும்.

அவர் கேட்டதற்கு உண்மையான காரணம் வேறு. எட்டாங்கட்டைச் சந்திப்பில் கேமரா வைத்த புது விளக்கு வரப்போகிறது. சாலைக்கு அடியில் நாங்கள் புதைத்த கம்பியையெல்லாம் அப்படியே விட்டுவிடப் போகிறார்களாம். அந்தச் சந்திப்பைப் பற்றி எழுதச் சொன்னால் என்னால் முடியும். உற்சாகம் வராவிட்டால் என்னைக் குறை சொல்லக் கூடாது.

நான் பிறந்தது செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பதினோராம் வகுப்புக்குச் சமமான ஐந்தாம் படிவத்தோடு படிப்பு நின்றது. பத்துப் பன்னிரண்டு வருஷம் கிடைத்த வேலையெல்லாம் பார்த்துவிட்டு, விளக்கு பராமரிக்கும் குத்தகைக் கம்பெனியில் சேர்ந்து, முதல் இரண்டு வருஷம் சாலையில் வெள்ளைக் கோடு போட்டேன். அடுத்த மூன்று வருஷம் ஏணி பிடித்தேன். அதற்குப் பிறகு ஏணியில் ஏறினேன். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த சீனர், "கம்பிய கையால தொடாத, நடுரோட்டுல நிக்காத" என்று இரண்டே பாடம் நடத்தினார். ஒரே நாளில் இரண்டையும் செய்து பார்த்து நான் தேறிவிட்டேன்.

எட்டாங்கட்டை, அதாவது எட்டாவது மைல், ஈப்போவுக்கு வடக்கே இருக்கிறது. முன்பு அங்கே சந்திப்பே கிடையாது. இந்தப் பக்கம் ரப்பர், அந்தப் பக்கம் ரப்பர், நடுவில் ஒரு சாலை. பிறகு கிழக்குப் பக்கத்து மரங்களை வெட்டி வீடு கட்டினார்கள். வீடு வந்ததும் பேரங்காடி வந்தது, பேரங்காடி வந்ததும் இன்னும் வீடு வந்தது. அந்தக் குடியிருப்புக்குப் பூங்கா என்று பொருள்படும்படி 'தாமான்' என்று பெயர் வைத்தார்கள், இருந்த மரமெல்லாம் போன பிறகு. மேற்குப் பக்கம் பழைய தோட்டத்து ஆட்கள். லயத்து வரிசை வீடுகளை இடித்து அவர்களுக்கு மலிவு வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். தாமானில் வீட்டுக்கு இரண்டு கார். தோட்டத்துப் பக்கம் வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள்.

காலை ஏழு மணிக்கு எல்லோரும் ஈப்போவுக்குப் போயாக வேண்டும். வரிசை பேரங்காடியைத் தாண்டி, பெட்ரோல் நிலையத்தைத் தாண்டி, கோழிப்பண்ணை வரைக்கும் போகும். ஒரு நாள் காரிலிருந்து இறங்கி ஒரு தட்டு முட்டை வாங்கிக்கொண்டு ஒரு அம்மாள் திரும்பி வந்து ஏறியதை நானே பார்த்தேன். அதற்குள் அவர் கார் ஒரு முழம்கூட நகர்ந்திருக்கவில்லை.

எந்தப் பக்கத்துக்கு எத்தனை வினாடி பச்சை என்பதைக் கணக்கெடுத்துத்தான் முடிவு செய்வோம். குடைக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வண்டியையெல்லாம் தாளில் கோடு போட்டு எண்ண வேண்டும். கார் என்றால் ஒன்று. பெரிய லாரி என்றால் இரண்டு சொச்சம். மோட்டார் சைக்கிள் என்றால் மூன்றில் ஒரு பங்கு. இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை, புத்தகத்தில் உள்ள விதி. மோட்டார் சைக்கிளில் புருஷன், பெண்டாட்டி, பள்ளிக்கூடப் பை, பையோடு பிள்ளை என்று ஏறி வந்தாலும் மூன்றில் ஒரு பங்குதான். நடந்து போகிறவரை எண்ணத் தாளில் கட்டமே கிடையாது. இப்படி எண்ணி முடித்தால் தோட்டத்துப் பக்கம் வெயிலில் போட்ட கருவாடு மாதிரி சுருங்கிவிடும். அவர்களுக்கு ஒன்பது வினாடி ஒதுக்கினோம், அதுவும் ஆள் வந்து கேட்டால் மட்டும்.

கேட்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். தோட்டத்துச் சாலையில், வண்டி நிற்கும் கோட்டை ஒட்டித் தாரை அறுத்து ஒரு கம்பிச் சுருளைப் புதைத்திருந்தோம். அதன் மேல் இரும்பு வந்து நின்றால் கம்பி உணர்ந்து, ஓரத்துப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி பெரிய சாலையை நிறுத்தி இந்தப் பக்கம் பச்சை கொடுக்கும். யாரும் வராவிட்டால் பெரிய சாலைக்கு எப்போதும் பச்சை. எவ்வளவு இரும்பைக் கண்டால் கம்பி வாய் திறக்க வேண்டும் என்பதற்குப் பெட்டிக்குள் ஒரு குமிழ் இருக்கும், ஒன்று முதல் நான்கு வரை. நான்கில் வைத்தால் சின்ன வண்டியையும் மதிக்கும். ஒன்றில் வைத்தால் கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்களை மட்டும்தான் மதிக்கும்.

இனி எங்கள் என்ஜினியர் தனபாலன் சார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அறைக்குள் நுழைந்தால் முதல் கேள்வி, "சாப்டீங்களா அண்ணே?" இரண்டாவது கேள்வி, "எத்தன பாக்கி?" பாக்கி என்றால் இன்னும் முடிக்காத புகார். புகார் வந்த இரண்டு நாளுக்குள் போய்ப் பார்த்து, ஃபாரம் எழுதி, முடித்தாக வேண்டும் என்பது குத்தகை விதி. விளக்கு சரியாவது வேறு, புகார் முடிவது வேறு என்பதை எனக்கு அவர்தான் புரிய வைத்தார். உத்தரவுகளை மஞ்சள் ஒட்டுத்தாளில் பென்சிலால் எழுதித் தருவார். எங்கள் ஊர் ஈரத்தில் அந்தத் தாள் இரண்டு நாளில் உதிர்ந்துவிடும். ஃபாரத்தில் என் கையெழுத்து மட்டும் மையில் நிற்கும். இதில் ஏதோ சூது இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். நல்ல மனிதர், இன்றைக்கும் தீபாவளிக்கு முறுக்கு அனுப்புகிறார்.

தாமான் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு நாள் புகார் வந்தது. பெரிய சாலை காரணமில்லாமல் நிற்கிறதாம். போய் நின்று பார்த்தேன். தோட்டத்துச் சாலைக்குள் திரும்பும் லாரிகள் மூலையைக் குறுக்கே வெட்டி, எங்கள் கம்பியின் ஓரத்தில் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. கம்பி ஏமாந்து, யாரோ காத்திருக்கிறார்கள் என்று பெட்டிக்குச் சொல்ல, பெரிய சாலையில் வரிசை கோழிப்பண்ணைக்கு நீண்டது. சார் மஞ்சள் தாளில் எழுதினார்: 'குமிழ் ஒன்றில்.' வைத்தேன். ஓரத்தை உரசும் லாரியைக் கம்பி கண்டுகொள்ளவில்லை, நெரிசல் குறைந்தது. சங்கத்தார் ஒரு பெட்டி கூவே அனுப்பி நன்றி சொன்னார்கள். பலகாரம் நன்றாக இருந்தது, நான் மூன்று சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகுதான் திருமதி பார்வதியின் புகார்கள் வர ஆரம்பித்தன. தோட்டத்துப் பக்கம் விடியற்காலையில் பச்சை விழுவதே இல்லை என்றார் அவர். மொத்தம் ஆறு புகார். ஆறு தடவையும் நான்தான் போனேன். முறைப்படிதான் எல்லாம் செய்தேன். சிவப்புக் கூம்பு வைத்தேன், மின்னும் சட்டை போட்டேன், பெட்டியைத் திறந்து ஒவ்வொரு விளக்காக எரித்துப் பார்த்தேன். கடைசியாகக் கம்பியைச் சோதிக்க வேண்டும். கம்பெனியின் நாலு சக்கர ஹைலக்ஸை ஓட்டிக்கொண்டு போய்க் கோட்டில் நிறுத்துவேன். பத்து எண்ணுவதற்குள் பச்சை விழும். மூன்று தடவை நிறுத்தினால் மூன்று தடவையும் விழும். படம் எடுத்து, ஃபாரத்தில் 'பழுது இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, எதிர்க்கடையில் ஒரு தே தாரேக் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்புவேன்.

மூன்றாவது புகாருக்குப் பிறகு அவரே எனக்குப் போன் போட்டார்.

"அண்ணே, நீங்க வந்து பாத்தீங்கன்னு சொன்னாங்க. எனக்கு மட்டும் விழ மாட்டேங்குது லா."

"லைட்டுக்கு ஆள் தெரியாதுமா. ஒங்களயும் தெரியாது, மந்திரியயும் தெரியாது" என்றேன். என் பதிலை நானே ரசித்தேன். சாரிடம் போய்ச் சொன்னேன், அவரும் சிரித்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வேலையில் சேர்ந்த புதிதில் பன்னிரண்டு வருஷம் நானும் மோட்டார் சைக்கிளில்தான் போய்வந்தேன். ஹைலக்ஸின் சாவி கைக்கு வந்த நாளிலிருந்து அது எனக்கு மறந்துபோய்விட்டது.

ஆறாவது புகாரை முடித்து ஒரு மாதம் இருக்கும். போலிஸ் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. விடியற்காலையில் எட்டாங்கட்டையில் விபத்து. மோட்டார் சைக்கிளில் வந்த பெண் சிவப்பில் கடந்திருக்கிறார், கல்லுடைக்கும் இடத்துக்குப் போன லாரி பின்சக்கரத்தில் இடித்திருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்த கணவருக்குச் சிராய்ப்பு. அந்தப் பெண்ணுக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிவு. பெயர் பார்வதி. சிவப்பில் கடந்ததற்கு அவர் மேல் வழக்கு. அன்றைக்கு விளக்கு சரியாக வேலை செய்ததா என்று கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டும்.

தனபாலன் சார் பதிலைத் தயாராக வைத்திருந்தார். 'சம்பவ நாளில் விளக்கு நிர்ணயித்தபடி இயங்கியது. இணைப்பு: ஆறு சோதனை அறிக்கைகள்.' இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. லாரிக்காரர் தனக்குப் பச்சை இருந்தது என்றார், அதுவும் உண்மை. பார்வதி தான் சிவப்பில் போனதாக ஒத்துக்கொண்டார், அதுவும் உண்மை. எல்லோரும் உண்மை பேசி ஒரு ஆள் மாட்டிக்கொண்ட கேஸை நான் அதுவரை பார்த்ததில்லை.

நான் கையெழுத்துப் போடுவதற்கு முன் பார்வதியின் வீட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை, வயது ஐம்பதுக்குள். உள்ளே கணவர் மாரிமுத்து படுத்திருந்தார். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஈப்போவுக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். காலை ஆறு மணிக்கு மட்டும்தான் அங்கே கட்டில் கிடைத்திருக்கிறது. அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. மகள் ஜொகூரில்.

"இப்ப பக்கத்து வீட்டுக்காரவங்க மாத்தி மாத்தி கொண்டு போறாங்க. எத்தன நாளைக்கு செய்வாங்க? கால் சரியாயிரும், லைசன்ஸ புடுங்கிட்டாங்கன்னா இவர யாருண்ணே கொண்டு போவா?" என்றார்.

"நான் ஆறு தடவயும் பாத்தேன்மா. பச்சை விழுந்துச்சு."

"எதுல வந்து பாத்தீங்க?"

"காடியிலதான், கம்பெனி ஹைலக்ஸ்."

"காடியில வந்தா அது விழாம வேற என்னா செய்யும்? மோட்டர்ல வாங்க. அதுவும் அஞ்சு மணிக்கு வாங்க. ஆறரைக்கு வந்தா எங்க ஆளுங்க கும்பலா வருவாங்க. அஞ்சு மோட்டரு நெருக்கி நின்னாதான் லைட்டு விழும். மொத வந்தவன் பின்னால வர்றவனுக்குக் காத்துக்கிட்டு இருப்பான். இங்க சின்னப் புள்ளைக்குக்கூட தெரியும் லா. அஞ்சு மணிக்கு நான் ஒருத்திதான், யாரோட சேர்றது?"

முப்பத்தொரு வருஷ சர்வீஸ் எனக்கு. என் கம்பி எப்படி வேலை செய்கிறது என்பது அந்தக் குடியிருப்பு முழுக்கத் தெரிந்திருக்கிறது, குமிழைத் திருப்பிய எனக்கு அது தோன்றவே இல்லை.

மறுநாள் விடியற்காலையில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு பழைய கப்சாய் இரவல் வாங்கினேன். எங்கள் பக்கத்தில் சின்ன மோட்டார் சைக்கிளுக்கு அதுதான் பெயர். கோட்டில் நேராகக் கம்பியின் மேல் நிறுத்தினேன். மணி ஐந்து ஐந்து. ஒரு நிமிஷம் ஆயிற்று, சிவப்பு. இரண்டாவது நிமிஷம் வண்டியை முன்னும் பின்னும் உருட்டினேன். நான்காவது நிமிஷம் இறங்கி, கம்பியின் விளிம்பில் சக்கரம் படும்படி வைத்தேன், தொழில் தெரிந்தவன் அல்லவா. ஏழாவது நிமிஷம் வண்டியைச் சாய்த்துப் படுக்க வைத்துப் பார்த்தேன். பெரிய சாலையில் லாரிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. இடையில் சாலை காலியாகக் கிடந்தது. எனக்குப் போக வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. பின்னால் நோயாளி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இருந்தும் பதினோராவது நிமிஷம் வலது பக்கம் பார்த்தேன், இடது பக்கம் பார்த்தேன், போய்விட்டேன்.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் என்ன செய்தேன் என்பது உறைத்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. ஒரு பெண்பிள்ளையை ஆறு தடவை பொய்க்காரி ஆக்கி, ஆறு தடவையும் கையெழுத்துப் போட்டு, ஆறு தடவையும் தே குடித்திருக்கிறேன்.

அன்றைக்கே ஏழாவது அறிக்கை எழுதினேன். முதல் ஆறு சோதனையும் நாலு சக்கர வண்டியில் செய்யப்பட்டவை, மோட்டார் சைக்கிளில் ஒரு தடவைகூடச் செய்யப்படவில்லை. குமிழ் ஒன்றில் இருந்தால் ஒற்றை மோட்டார் சைக்கிளைக் கம்பி உணராது. சோதனை செய்தவர் பதினோரு நிமிஷம் காத்திருந்து, பிறகு சிவப்பில் கடந்தார்.

தனபாலன் சார் அதை இரண்டு தடவை படித்தார். அன்றைக்குச் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

"இத குடுத்தா ஒங்க ஆறு ரிப்போட்டும் பொய்யாயிரும் அண்ணே."

"பொய் இல்ல சார். அது காடிக்கு எழுதுன ரிப்போட்டு. மோட்டருக்கு யாரும் எழுதல."

"கொமிழ எறக்கினது யாருன்னு கேப்பாங்க."

"நான்தான்னு சொல்லுவேன். ஒங்க தாளு உதுந்து போச்சு."

அவர் நாள்காட்டியைப் பார்த்தார். "இன்னும் அஞ்சு மாசம்தான் இருக்கு ஒங்களுக்கு. நிம்மதியா போலாமே" என்றார். அதில் மிரட்டல் இல்லை, உண்மையான அக்கறைதான், அதனால்தான் எனக்குப் பயம் அதிகமாயிற்று. கடைசியில் அறிக்கையை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அதில் பென்சிலால்கூட ஒரு கோடு போடவில்லை. தடுக்காமல் விட்டாரே, அதுவே பெரிய உதவி.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் ஓர் இளம்பெண். என் அறிக்கையைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நீங்களும் சிவப்பில் போனீர்களா?" என்று மலாயில் கேட்டார்.

"போனேன், புவான்."

"உங்கள் வேலையே அந்த விளக்குதானே?"

"அதுதான், புவான்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பார்வதியிடம் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று கேட்டார்கள். "அன்னிக்கு பதினாலு நிமிஷம். போற நாளெல்லாம் போன்ல நேரம் பாப்பேன். ரெண்டு பக்கமும் பாக்காம ஒரு நாளும் போனதில்ல" என்றார் பார்வதி. மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்ததும் அறையில் சிரிப்பு இல்லை. அன்றைக்கே வழக்கு தள்ளுபடி ஆயிற்று. லைசன்ஸ் பார்வதியின் கையிலேயே தங்கியது.

வெளியே வராந்தாவில் ஊன்றுகோலோடு நின்றிருந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, பெருந்தன்மையாக மறுப்பதற்கு ஒரு வாக்கியத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"ஆறு தடவ புகார் குடுத்தேண்ணே. அதுல ஒரு தடவ மோட்டர்ல வந்திருந்தீங்கன்னா என் கால் முழுசா இருந்திருக்கும்" என்றார்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆமாம்மா என்றேன்.  

லாரிகள் மூலையை வெட்டாதபடி கல் பதித்து, கம்பியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் புதைத்து, குமிழை நான்கில் வைத்தோம். எல்லாம் சேர்த்து அரை நாள் வேலை. முதலிலேயே செய்திருக்கலாம். யாரும் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை, யாரும் பாராட்டவும் இல்லை. அதுவும் நியாயம்தான்.

நான் ஓய்வு பெற ஒரு வாரம் இருக்கும்போது தாமான் சங்கத்திலிருந்து மறுபடியும் ஒரு புகார் வந்தது. விடியற்காலையில் தோட்டத்துப் பக்கம் வாகனமே இல்லாதபோது பச்சை விழுகிறது, பெரிய சாலை வீணாக நிறுத்தப்படுகிறது, உடனே கவனிக்கவும். தனபாலன் சார் அதை என் மேசையில் வைத்துவிட்டு, ஒட்டுத்தாள் எதுவும் ஒட்டாமல் போனார்.

ஐந்து மணிக்கெல்லாம் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் தோட்டத்துச் சாலையிலிருந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வந்தது. பார்வதி ஓட்டினார், இடது காலைச் சிரமப்பட்டு ஊன்றி நிறுத்தினார். பின்னால் மாரிமுத்து, கம்பளிச் சட்டையோடு, மனைவியின் இடுப்பைப் பிடித்தபடி. பத்து எண்ணினேன். பெரிய சாலை நின்றது. முன்னால் நின்ற காரிலிருந்து ஒரு ஹார்ன் சத்தம் நீளமாகக் கேட்டது. அந்தப் பக்கம் திரும்பாமல், என்னையும் பார்க்காமல், பச்சையில் நிதானமாகக் கடந்து ஈப்போ பக்கம் போனார்கள்.

ஃபாரத்தை எடுத்து முன்கையில் வைத்துக்கொண்டேன். கை பழக்கத்தில் 'பழுது இல்லை' என்று எழுதப் போனது. எழுதவில்லை. அந்தக் கட்டத்தில் வேறு இரண்டு வரி எழுதிப் புகாரை முடித்தேன். வாகனம் இருந்தது. அதில் இரண்டு பேர் இருந்தார்கள்.